லக்கல மைதானமும் ஏ.வி. ஹில் அளந்த வேகமும்

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறி, பிட்டவல பத்தனைப் புல்வெளியைத் தாண்டி இலுக்கும்புரவில் இறங்கினால் லக்கல. நான் போனது நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுத. பழைய லக்கல பல்லேகம நகரம் இப்போது களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய நகரம் 2018இல் திறக்கப்பட்டது. வீதிகள் நேராக இருக்கின்றன, கட்டடங்கள் ஒரே வயதில் இருக்கின்றன. வன்னியில் மீள்குடியேற்றக் கிராமங்களில் வளர்ந்த எனக்கு அந்த ஒரே வயதுக் கட்டடங்களைப் பார்த்ததும் இடம் பிடிபட்டுவிட்டது.

அந்தக் கட்டுரை வேறு. இது அன்று பின்னேரம் ஒரு மைதானத்தில் நான் பார்த்ததிலிருந்து தொடங்குவது.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு நின்றார்கள். ஒரு விளையாட்டு ஆசிரியர் நான்கு தடிகளை நட்டு, அளவு நாடா பிடித்து, ஒரு கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தூரத்திலிருந்து ஓடி வந்து தடிகளைக் கடந்து போனார்கள். அவர் விசில் ஊதவில்லை, முதலாவது யார் இரண்டாவது யார் என்று பார்க்கவும் இல்லை. ஒவ்வொருவராகத்தான் ஓடினார்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கைப்பேசியில் படத்தை முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் ஏதோ எழுதினார்.

என்னுடைய சிங்களம் கடைக்குப் போய்வரக் காணும். அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம் கூட. என்னை நங்கி என்று கூப்பிட்டார், நான் சேர் என்றேன். பிள்ளைகளின் உச்ச வேகத்தை அளக்கிறாராம். நூறு மீற்றர் நேரம் அல்ல, உச்ச வேகம். இரண்டும் ஒன்றில்லை என்று மண்ணில் கோடு கீறிக் காட்டினார்.

ஓட்டக்காரர் ஒருவர் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டால் உடனே முழு வேகத்துக்குப் போக முடியாது. சிறு பிள்ளைகள் முப்பது நாற்பது மீற்றரில் தங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுவார்கள். உலகத் தரத்திலுள்ளவர்கள் அறுபது மீற்றர் தாண்டியும் வேகம் கூட்டுவார்கள். அதனால் முதல் முப்பது நாற்பது மீற்றரை ஓடவிட்டு, அதற்கு அடுத்த முப்பது மீற்றரை மட்டும் அளக்க வேண்டும். அந்த முப்பது மீற்றரை ஒருவர் 3.00 செக்கனில் கடந்தால் செக்கனுக்கு 10 மீற்றர், மணிக்கு 36 கிலோமீற்றர். கையால் அமத்தும் நிறுத்தற் கடிகாரம் இதற்குச் சரிவராது. கண் பார்த்து விரல் அமத்த ஏறத்தாழ ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு போய்விடும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிந்தினால் பரவாயில்லை, ஆனால் அப்படிப் பிந்துவதில்லை. கைப்பேசி ஒரு செக்கனில் 240 படம் எடுக்கும். எந்தப் படத்தில் பிள்ளையின் இடுப்பு முதல் தடியைக் கடக்கிறது, எந்தப் படத்தில் கடைசித் தடியைக் கடக்கிறது என்று எண்ணினால் போதும்.

தடிகளைச் சரியாக முப்பது மீற்றர் இடைவெளியில் நடக்கூடாது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கைப்பேசி ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், நடு மீற்றருக்கு நேரே நிற்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது கோணல் விழும். தடி ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் இருந்தால் அதைக் கொஞ்சம் உள்ளுக்கு நகர்த்தி நட வேண்டும். கைப்பேசியிலிருந்து தடி வழியாகப் போகும் பார்வைக்கோடு, பிள்ளை ஓடும் கோட்டைச் சரியாக அளந்த புள்ளியில் வெட்ட வேண்டும். தரம் எட்டுக் கேத்திரகணிதம்தான். ஆனால் இதைச் செய்யாமல் அளந்தால் கொப்பியில் இருப்பது எல்லாம் பொய்.

ஒரு சிறுமியின் பக்கத்தைக் காட்டினார். போன மாதம் 4.12 செக்கன். அன்று 4.05. கணக்குப் பார்த்தால் செக்கனுக்கு 7.28 மீற்றரிலிருந்து 7.41. இந்த 0.07 செக்கன் கைக் கடிகாரத்தில் தெரியவே தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளையின் ஒரு மாத உழைப்பு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஒரே மைதானம், ஒரே நேரம், உடல் சூடேறிய பிறகு, இரண்டு மூன்று ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாத ஓய்வு, காற்று பின்னாலிருந்து அடித்தால் அன்றைக்கு எழுதுவதில்லை. றிவர்ஸ்டன் பக்கத்துக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

கைப்பேசிச் செயலி இந்த எண்களை வைத்து ஒரு வளைகோடு கீறியது. அந்தக் கோட்டுக்குப் பின்னாலுள்ள சமன்பாடு 1927ஆம் ஆண்டையது என்றார் சேர். எழுதியவர் பெயர் ஹில். அவருக்கு அதற்குமேல் தெரியாது. நான் கொழும்புக்கு வந்து தேடினேன். ஓட்டத்தைப் பற்றிய ஒரு விஞ்ஞானியைத் தேடிப் போன இடத்தில் அகதிகளைப் பற்றிய ஒரு கதை கிடைத்தது.

ஆர்ச்சிபால்ட் விவியன் ஹில் 1886 செப்டெம்பர் 26ஆம் திகதி இங்கிலாந்தின் பிறிஸ்டலில் பிறந்தார். தகப்பன் மர வியாபாரி. ஹில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்தான் மகனையும் மகளையும் வளர்த்தார். தனக்கு வைத்த இரண்டு பெயரும் ஹில்லுக்குப் பிடிக்காது. வாழ்நாள் முழுக்க ஏ.வி. என்றே அழைக்கப்பட்டார். புலமைப்பரிசிலில் படித்துக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரிக்குப் போனார். 1907இல் கணிதத் தேர்வில் மூன்றாமிடம். கணிதத்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் வால்டர் பிளெச்சர் என்ற ஆசிரியர் அவரை உடற்றொழிலியல் பக்கம் திருப்பினார். தவளையின் கால் தசை சுருங்கும்போது எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. அந்த வெப்பம் ஒரு பாகை செல்சியசில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கே இருக்கும். அதைப் பிடிக்கும் கருவிகளைச் செய்வதிலேயே அவருடைய ஆயுளில் பெரும்பகுதி போனது. 1911இல் கருவி நுட்பம் படிக்க ஜேர்மனிக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர்களை அவர் பிறகு மறக்கவில்லை.

1913இல் மார்கரெட் கெய்ன்ஸைத் திருமணம் செய்தார். பொருளியலாளர் ஜோன் மேனார்ட் கெய்ன்ஸின் தங்கை. அடுத்த வருடம் முதலாம் உலகப் போர்.

இந்த இடத்தில் எனக்கு அவரோடு கொஞ்சம் கோணல். 1916இல் அவரை விமான எதிர்ப்புப் பீரங்கி ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். சதுரக் கோடுகள் கீறிய பெரிய கண்ணாடியைத் தரையில் கிடத்தி, அதில் தெரியும் வானத்தைப் பார்த்து, விமானம் எந்தச் சதுரத்தில் நிற்கிறது, குண்டு எந்தச் சதுரத்தில் வெடிக்கிறது என்று குறிப்பது அவர்கள் வேலை. தூரத்தில் இன்னொரு கண்ணாடி. இரண்டு இடத்திலும் ஒரே கணத்தில் குறித்தால் உயரம் வரும். அந்தக் கருவி சார்ள்ஸ் டார்வினின் மகன் ஹொரஸ் டார்வினின் யோசனை. இளம் கணிதக்காரர்களைச் சேர்த்து ஹில் ஒரு குழு அமைத்தார். ஹில்லின் கொள்ளைக்காரர்கள் என்று அதற்குச் செல்லப் பெயர். அவர்களில் சிலர் பின்னாளில் பெரிய விஞ்ஞானிகளானார்கள்.

நகரும் ஒரு பொருள் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணிக்கும் கலையை அவர் பீரங்கியிடம் கற்றார். அதே கலையைத்தான் பத்து வருடம் கழித்து ஓட்டக்காரரிடம் பயன்படுத்தினார். விமான எதிர்ப்புப் பீரங்கி தற்காப்புக்கானது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள், வானத்தைக் கேட்டு ஓடுபவர்கள் என்று இரண்டு வகையாக மனிதரைப் பிரித்தால் நான் இரண்டாம் வகை. கிபிர் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு எத்தனை எட்டு என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால் அந்தக் கண்ணாடியைப் பற்றிப் படிக்கும்போது ரசித்துப் படிக்க முடியவில்லை.

போர் முடிந்து 1920இல் மன்செஸ்டரில் பேராசிரியர். தவளையை விட்டு மனிதரிடம் வந்தார். முதல் மனிதர் அவரேதான். ஹார்ட்லி லப்டன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயோடு புல்தரையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். விடும் மூச்செல்லாம் பைக்குள் போகும். பிறகு அதைப் பகுத்து உடல் எவ்வளவு ஒட்சிசனை எடுத்தது என்று பார்ப்பார்கள். வேகத்தைக் கூட்டக் கூட்ட ஒட்சிசனும் கூடியது, ஒரு கட்டத்துக்குமேல் கூடவில்லை. அதற்குமேல் ஓடுபவர் கடனில் ஓடுகிறார் என்றார் ஹில். ஓடி முடித்து நின்று இளைக்கும்போது உடல் அந்தக் கடனை அடைக்கிறது. ஒட்சிசன் கடன் என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. கடனின் விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தினார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. நூறு மீற்றர் ஓட்டம் ஏறத்தாழ முழுக்கவே கடன். அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் மூச்சு வந்து உதவாது.

1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நொபெல் பரிசை ஹில்லும் ஒட்டோ மேயர்ஹோஃப் என்ற ஜேர்மன் விஞ்ஞானியும் பகிர்ந்துகொண்டார்கள். அறிவிப்பு வந்தது 1923இல். ஐந்து வருடத்துக்கு முன் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரண்டு நாட்டின் பிரஜைகள். மேயர்ஹோஃப் யூதர். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

அதே 1923இல் ஹில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக்கு மாறினார். 1925இல் உலக ஓட்டச் சாதனைகளை எல்லாம் எடுத்து, தூரத்துக்கு எதிராக வேகத்தை வரைபடமாகக் கீறி, மனித உடலின் எல்லைகள் அந்த வளைகோட்டில் இருப்பதாகக் காட்டினார். ஆய்வுகூடத்தில் ஆயிரம் பேரை வைத்துச் செய்ய முடியாத பரிசோதனையை விளையாட்டு மைதானங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருக்கின்றன என்பது அவருடைய வாதம். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை விஞ்ஞானத் தரவாக வாசித்தவர் என்று சொல்லலாம். ஊடகக் கற்கை படித்த எனக்கு அது பிடித்தது.

ஆனால் சாதனைப் பட்டியல் சராசரியைத்தான் தரும். நூறு மீற்றரை ஒருவர் எத்தனை செக்கனில் ஓடினார் என்பது தெரியும். நடுவில் எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போனார் என்பது தெரியாது. அதைப் பிடிக்க ஹில் செய்த ஏற்பாடு எளிமையானது. ஓட்டக்காரரின் இடுப்பில் காந்தமாக்கிய ஒரு உருக்குப் பட்டியைக் கட்டினார். இரும்பறுக்கும் வாள் அலகு போன்ற மெல்லிய பட்டி. ஓடுபாதையின் ஓரத்தில் அளந்த இடைவெளிகளில் பெரிய கம்பிச்சுருள்களை நிறுத்தினார். காந்தம் ஒரு சுருளைக் கடக்கும்போது கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கும். சாதாரண தரத்தில் நாம் படித்த பரடேயின் விதி. எல்லாச் சுருளும் ஒரே கல்வனோமானிக்குப் போகும். அதன் கண்ணாடி அசைய, ஒளிப்புள்ளி நகர்ந்து கொண்டிருக்கும் ஒளிப்படத் தாளில் ஒரு முள் போலப் பதியும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு தாள், அதில் வரிசையாக முட்கள். முட்களுக்கிடையிலான தூரம் நேரம், சுருள்களுக்கிடையிலான தூரம் ஏற்கெனவே அளந்தது. ஒன்றை மற்றதால் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் வேகம்.

ஓட்டக்காரர் எதையும் அமத்தவோ தொடவோ வேண்டியதில்லை. அமத்துபவரின் விரலும் இல்லை. லக்கலச் சேரின் நான்கு தடியும் கைப்பேசியும் செய்வது இதைத்தான்.

1927இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரை செய்யப் போன ஹில், அங்கிருந்த ஓட்டக்காரர்களை இப்படி அளந்தார். அதே வருடம் ஃபுருசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் பார்கின்சன் என்ற உதவியாளரும் அவரும் சேர்ந்து ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதிய கட்டுரையில்தான் அந்தச் சமன்பாடு இருக்கிறது. சூத்திரத்தை விட்டு எண்ணில் சொல்கிறேன். ஒருவரின் உச்ச வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் என்று வையுங்கள். அவருக்கே உரிய ஒரு நேர அளவு உண்டு, அதை 1.25 செக்கன் என்று எடுப்போம். முதல் 1.25 செக்கனில் அவர் 6.3 மீற்றர் வேகத்துக்கு வந்துவிடுவார். அடுத்த 1.25இல் 8.6. அடுத்ததில் 9.5. அதற்கடுத்ததில் 9.8. முதலில் பாய்ச்சல், பிறகு ஒவ்வொரு சிறு கூடுதலுக்கும் முன்னையதைவிடப் பெரிய போராட்டம். இரண்டே இரண்டு எண்ணில், உச்ச வேகமும் அந்த நேர அளவுமாக, ஒரு ஓட்டக்காரரின் முழுப் புறப்பாட்டையும் எழுதிவிடலாம். ஏறத்தாழ நூறு வருடம் கழித்தும் பயிற்றுநர்கள் வைத்திருக்கும் செயலிகளுக்குள் இருப்பது இந்த வளைகோடுதான்.

வேகம் ஏன் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம் பிழை. தசைக்குள்ளேயே தேன் போல ஒரு பிசுக்குமை இருக்கிறது, வேகமாகச் சுருங்கச் சுருங்க அது இழுத்துப் பிடிக்கிறது என்று 1927இல் எழுதினார். பத்து வருடம் கழித்துத் தன்னுடைய தவளைத் தசைகளை இன்னும் நுட்பமாக அளந்தபோது கணக்கு உதைத்தது. 1938இல் பழைய விளக்கத்தைத் தானே கைவிட்டு, தசையின் விசைக்கும் சுருங்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் புதிய சமன்பாடாகத் தந்தார். இன்று உடற்றொழிலியல் படிக்கும் எவருக்கும் ஹில் என்றால் முதலில் ஞாபகம் வருவது அந்த 1938 சமன்பாடுதான். இப்போது ஆய்வாளர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: உச்ச வேகத்தில் ஒரு பாதம் நிலத்தில் நிற்பது செக்கனில் பத்திலொரு பங்கு அளவுதான், அந்தச் சிறு நேரத்துக்குள் நிலத்தை எவ்வளவு பலமாக உதைக்க முடியும் என்பதே பெரிய கேள்வி. காலை வேகமாக வீசுவது அவ்வளவு முக்கியமில்லை.

இதெல்லாம் எதற்கு என்று அமெரிக்கக் கூட்டமொன்றில் ஒருவர் அவரிடம் கேட்டாராம். பயன்களைப் பட்டியலிட்டுப் பார்த்துச் சலித்துப்போன ஹில், கடைசியில் இது வேடிக்கையாக இருப்பதால்தான் செய்கிறோம் என்று ஒத்துக்கொண்டாராம். உண்மை சொன்னதற்காக அவரைப் பிடிக்கிறது. வேடிக்கைக்காக அளக்க முடிந்த வாழ்க்கையின் மேல் கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரலில் வந்த சட்டம் யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் அரச சேவையிலிருந்து நீக்கியது. பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடக்கம். சில வாரங்களுக்குள் லண்டனில் கல்வியாளர் உதவிச் சபை தொடங்கப்பட்டது. வில்லியம் பெவரிட்ஜ் முன்னின்றார், இயற்பியலாளர் றதர்ஃபோர்ட் தலைவர், ஹில் உபதலைவர். பிரித்தானியாவில் பொருளாதார வீழ்ச்சிக் காலம், சொந்தப் பட்டதாரிகளுக்கே வேலை இல்லை. வெளிநாட்டாருக்கு ஏன் இடம் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. சம்பளம் வாங்குபவர்களிடம் ஒரு பங்கு கேட்டு, ஆய்வுகூடங்களில் ஒரு மேசை கேட்டு, விசாவுக்கு உத்தரவாதம் கேட்டு அந்தச் சபை கடிதம் எழுதியது. ஹில் கடிதம் எழுதுவதில் சளைக்காதவர்.

அந்த வருடக் கடைசியில் பேர்மிங்ஹாமில் செய்த உரையில் ஜேர்மனியில் நடப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். உரை நேச்சர் இதழில் வந்தது. நொபெல் பரிசு பெற்ற ஜேர்மன் இயற்பியலாளரும் நாசி ஆதரவாளருமான யொஹானஸ் ஸ்டார்க் அதே இதழில் மறுப்பு எழுதினார். யூதர்கள் யூதர்களாக இருப்பதால் துன்புறுத்தப்படவில்லை, அரசுக்கு எதிரானவர்கள் மேல்தான் நடவடிக்கை என்ற வகை மறுப்பு. வாசிக்கும்போது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹில் பதில் எழுதினார், விடவில்லை.

1935 பெப்ரவரியில் பேர்னார்ட் காட்ஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞன் லைப்சிக்கிலிருந்து ஹில்லிடம் வந்து சேர்ந்தான். மருத்துவப் பட்டம் இருந்தது, யூதனுக்கு அதை வைத்து அங்கே செய்ய ஒன்றுமில்லை. தகப்பன் ரஷ்ய வழி என்பதால் ஜேர்மன் பிரஜாவுரிமையும் இல்லை. நாடற்றவன். மாத்தளைத் தோட்டங்களில் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. 1948இல் எத்தனையோ இலட்சம் பேருக்கு ஒரு சட்டம் போட்ட பெயர் அது. காட்ஸை ஹில் தன் ஆய்வுகூடத்தில் சேர்த்து, கலாநிதிப் பட்டம் வரைக்கும் கொண்டுபோனார். தசைக்கு நரம்பு எப்படிச் சேதி சொல்கிறது என்பது காட்ஸின் துறையானது. பின்னர் அவுஸ்திரேலியா போய், போரில் ராடார் அதிகாரியாக வேலை செய்து, மீண்டும் லண்டன் வந்து, ஹில் ஓய்வுபெற்றபோது அவருடைய துறைக்கே தலைவரானார். 1970இல் அவருக்கும் நொபெல். ஹில்லுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது.

ஹில்லின் ஆய்வுகூடத்தில் கை தூக்கி வணக்கம் வைக்கும் ஒரு ஹிட்லர் பொம்மை இருந்தது. இவ்வளவு நல்ல விஞ்ஞானிகளை எங்களுக்கு அனுப்பிவைத்ததற்கு நன்றியாக வைத்திருக்கிறேன் என்பாராம். தப்பி வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். தப்பி வராதவர்களின் உறவுகள் அந்த அறைக்குள் வந்திருந்தால் சிரித்திருப்பார்களா தெரியாது.

பரிசைப் பகிர்ந்த மேயர்ஹோஃப் 1938இல்தான் ஜேர்மனியை விட்டார். பாரிசில் இருந்தார். 1940இல் பிரான்ஸ் விழுந்தது. குடும்பத்தோடு ஸ்பெயின் வழியாக அமெரிக்காவுக்குத் தப்பினார். நொபெல் பரிசு வாங்கிய மனிதர் எல்லைகளில் கடதாசியோடு நின்றிருக்கிறார்.

அதே 1940இல் ஹில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பிரித்தானியா பயத்தில் ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்த பலரை முகாம்களில் அடைத்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் அதற்குள். முள்வேலிக்குள் இருந்த அகதி விஞ்ஞானிகளை விடுவிக்கச் சொல்லி ஹில் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார். இன்னொரு பக்கம் ராடாரைக் கொண்டுவந்த டிசார்ட் குழுவிலும் அவர் ஆரம்பத்திலிருந்தே இருந்தார். 1943 கடைசியில் இந்தியாவுக்கு வந்து சில மாதம் சுற்றி, அங்கே விஞ்ஞான ஆராய்ச்சியை எப்படி ஒழுங்கமைக்கலாம் என்று ஓர் அறிக்கை எழுதினார். வங்காளத்தில் மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த காலம் அது. டெல்லியில் பின்னாளில் எழுந்த அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் யோசனையில் அவருக்கும் பங்குண்டு.

ஹில்லை முழுக்கத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. அந்தச் சபை கல்வியாளர்களுக்கானது. பெயர் இருந்தவர், ஆய்வுக்கட்டுரை இருந்தவர், பரிந்து கடிதம் எழுத லண்டனில் ஒருவர் இருந்தவர் தப்பினார். தையற்காரருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் யாரும் மேசை தேடவில்லை. திறமையுள்ள அகதி வேண்டும் என்று இன்றும் தூதரகங்கள் கேட்பதன் மூதாதை இது. இப்படி யோசித்துவிட்டு, அவர்களிடம் இருந்தது ஆய்வுகூட மேசைகள்தான், அதைத்தான் கொடுக்க முடியும் என்றும் யோசிக்கிறேன். 2009க்குப் பிறகு எங்களுக்கு அந்த அளவாவது எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் மிஞ்சும். அந்தச் சபை பெயர் மாறி இன்னும் லண்டனில் இயங்குகிறது, போர் நடக்கும் நாடுகளிலிருந்து கல்வியாளர்களை எடுக்கிறது.

ஹில் 1951இல் ஓய்வுபெற்றும் 1967 வரை ஆய்வுகூடத்துக்குப் போனார். பிறகு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பினார். முதியோர் இல்லங்களை நடத்திய மனைவி மார்கரெட் 1970இல் இறந்தார். ஹில் 1977 ஜூன் 3ஆம் திகதி, தொண்ணூறு வயதில் இறந்தார்.

2009 ஒகஸ்ட் 16ஆம் திகதி பேர்லினில் உசேன் போல்ட் நூறு மீற்றரை 9.58 செக்கனில் ஓடினார். சராசரி மணிக்கு 37.6 கிலோமீற்றர். ஆனால் 60க்கும் 80க்கும் இடைப்பட்ட இருபது மீற்றரை 1.61 செக்கனில் கடந்தார். அது மணிக்கு 44.7 கிலோமீற்றர். மனிதர் ஓடி அளக்கப்பட்ட மிகப் பெரிய வேகங்களில் ஒன்று. அன்று நான் மெனிக் பாம் முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றிருப்பேன். எனக்குப் பதினாறு வயது. அந்தச் செய்தி எனக்குத் தெரிந்தது இரண்டு வருடம் கழித்து.

அதற்கு முன் நானும் ஓடினேன். கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு பாடசாலை, கிரவல் மைதானம். விளையாட்டு சேர் ஒரு கைக் கடிகாரத்தை வைத்து எங்கள் எல்லோருடைய நேரத்தையும் சிவப்பு மட்டை போட்ட கொப்பியில் எழுதுவார். 2008 இடப்பெயர்வில் கட்டிலையும் தையல் இயந்திரத்தையும் உழவு இயந்திரத்தில் ஏற்றியவர்கள் மத்தியில் அவர் அந்தக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததை தருமபுரத்தில் பார்த்தேன். போட்டி எப்போது நடந்தாலும் பட்டியல் வேண்டுமே என்றார். மாத்தளன் வரைக்கும் வந்தார் என்று அவருடைய மனைவி சொல்கிறார். இன்றும் அலுவலகங்களுக்குக் கோப்போடு போய் வருகிறார். அந்தப் பட்டியலில் இருந்த இருபத்து மூன்று பேரில் ஆறு பேர் இல்லை. இருவருக்குக் கால் இல்லை. எங்களில் யார் எவ்வளவு வேகமாக ஓடினோம் என்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை.

இதை லக்கலவில் சேரிடம் முழுக்கச் சொல்ல எனக்குச் சிங்களம் போதவில்லை. ஓடினேன், கொப்பி தொலைந்துவிட்டது என்ற அளவில் சொன்னேன். அவருடைய பழைய வீடும் பழைய பாடசாலையும் தண்ணீருக்கடியில் என்று அவர் சொன்னார். இரண்டும் ஒன்றில்லை என்று இருவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

பிறகு அவர் தடிகளைக் காட்டி, நங்கி ஒருக்கா ஓடிப் பாருங்கோ என்ற மாதிரிக் கையசைத்தார். மறுத்தேன். பிள்ளைகள் விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சல்வாரின் காலை மடித்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து வந்தேன். முப்பத்து மூன்று வயது, வலது தொடையில் இன்னும் எடுக்காத ஒரு சின்ன இரும்பு. தடிகளைக் கடந்து வெகுதூரம் போய்த்தான் நிற்க முடிந்தது. திரும்பி வருவதற்குள் அவர் படத்தை நகர்த்தி எண்ணி முடித்திருந்தார். 5.10 செக்கன். மணிக்கு 21 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. 4.05 ஓடிய சிறுமி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சேர் கொப்பியில் அவளுடைய பெயருக்குக் கீழே ஒரு வரி விட்டு, என் பெயரைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல சிங்கள எழுத்தில் மெதுவாக எழுதி, எழுத்துச் சரியா என்று என்னிடம் திருப்பிக் காட்டினார்.